நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்

விழிப்பு வந்தபோது பாக்கியசீலிக்கு முதலில் தெரிந்தது அடிவயிற்றின் பாரம்தான். அதற்குப் பிறகுதான் மின்விசிறியின் கிறீச்சும், சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளிமயில் பாத்திரம் உருட்டுகிற சத்தமும், ஜன்னலில் வெளுக்கத் தொடங்கியிருந்த வானமும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எழுந்து ஓடு என்றது உடம்பு. இரு, இன்றைக்கு அப்படிச் சும்மா போய்விட்டு வர முடியாது என்றது மனசு. அலமாரித் தட்டில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட அந்தச் சின்னப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கக் கூடாது என்று படுக்கும்போதே தோன்றியது, இப்போதும் தோன்றியது, ஆனால் அறையில் வேறு தட்டு ஏது. இன்னும் காலி டப்பாதானே, இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் லேப் பெண் பேனாவால் எழுதியிருந்தாள், பாக்கியசீலி, வயது நாற்பத்தாறு, பெண். தன் பெயரை இன்னொரு ஆள் கையால் எழுதிப் பார்த்து எத்தனை காலம் இருக்கும். சுழித்து அழகாகத்தான் எழுதியிருந்தாள், கல்யாணப் பத்திரிகை உறையில் எழுதுவதுபோல. ராத்திரி முழுவதும் உள்ளே சேர்ந்து நின்றதுதான் வேண்டுமாம், காலையில் முதன்முதலாகப் போவது, அதில்தான் எல்லாம் அடர்த்தியாக இறங்கியிருக்கும், மறைந்து கிடக்கிறதும் அதில்தான் தெரியும் என்று சொல்லியிருந்தாள். மறைந்து கிடக்கிறது. அந்த வார்த்தையைத்தான் ஒரு வாரமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள், மெல்ல மெல்ல அது சிறிதாகாமல் பெரிதாகிக்கொண்டே போகிறது. குளியலறைப் பக்கம் தகரக் கதவு இழுபட்டது. யாரோ உள்ளே போய்விட்டார்கள். இந்த வளவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே குளியலறை, அதற்குள்ளேயே கக்கூஸ். இனி அவர்கள் வெளியே வருகிறவரைக்கும் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். கால்களைச் சேர்த்து மடக்கிக்கொண்டு ஒருக்களித்தாள்.

அடக்குவது அவளுக்குப் புதிதல்ல. உலகத்தில் வேறு எந்தக் காரியத்திலும் அவள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியதில்லை, இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி, சுடிதார் செக்‌ஷன். கக்கூஸ் மொட்டை மாடியில். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் பொன்னுத்துரை அண்ணாச்சியிடம் டோக்கன் வாங்க வேண்டும், ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் வட்டு, ஒரு செக்‌ஷனுக்கு ஒன்று. கையை நீட்டினால் அவர் ஒன்றும் கெட்ட வார்த்தை சொல்லிவிட மாட்டார். முகத்தைப் பார்ப்பார், அப்புறம் கவுண்டரில் நிற்கிற கூட்டத்தைப் பார்ப்பார், அப்புறம் மறுபடி முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அவள் காலையில் ஒரு மடக்கு, மத்தியானம் சோற்றோடு ஒரு மடக்கு என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வெட்கமில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டு படியேறிப் போவார்கள், போய் ஜோடி ஜோடியாக நின்று பேசிவிட்டும் வருவார்கள். இவள் துணியை விரித்துக் காட்டிக்கொண்டே இருப்பாள். இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம், இதுல ஷால் பெருசா வரும் மேடம். அடிவயிறு கல்லாகக் கனக்கும்போதுதான் அவள் சிரிப்பு இன்னும் நன்றாக இருக்கும், அது ஏன் என்று தெரியாது. உட்கார நாற்காலி போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட பிறகு நாற்காலியும் போட்டார்கள், ஆனால் அதில் மடித்த துணி உட்கார்ந்திருக்கும். அம்மாவும் அப்படித்தான். ஊரில் விடிகிறதுக்கு முன்னால் ஒரு தடவை உடைமரக் காட்டுப் பக்கம் போவாள், இருட்டினதும் ஒரு தடவை. நடுவில் பகல் என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படிக் கழித்தாள் என்று பாக்கியசீலி அப்போது யோசித்ததில்லை. கேட்டதும் இல்லை. இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

அம்மாவிடம் போகாதே என்று மனசை இழுத்தாள். அது போய்விட்டது. அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் முகம், காலையில் கண்ணுக்குக் கீழே பை பையாக வீங்கி, சாயங்காலம் கொஞ்சம் வடிந்து, மறுநாள் மறுபடி வீங்கி. கட்டிலுக்கடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் மக். எவ்வளவு போயிருக்கு என்று நர்ஸ் வந்து கேட்கும்போது இவள்தான் குனிந்து மக்கை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளாக நாளாகக் கோடு கீழே இறங்கியது. மேலே நுரை நின்றது, சோப்புத் தண்ணீர் மாதிரி, ஊதினாலும் போகாத நுரை. எனக்கு ஒண்ணுமில்லட்டி, நீ போய்ச் சாப்பிட்டு வா என்பாள் அம்மா. மூத்தவள் எமிலி கைப்பிள்ளையோடு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள், தம்பி துபாயிலிருந்து போனில் அழுதான். மக்கைப் பார்த்தது இவள் மட்டும். அதனால்தான் போன மாதம் ஒரு காலையில் கக்கூஸில் தண்ணீர் ஊற்றப் போனவள் அப்படியே குனிந்து நின்றுவிட்டாள். நுரை. இருக்கும், இல்லாமலும் இருக்கும், எல்லாருக்கும் கொஞ்சம் நுரைக்கத்தானே செய்யும், நேற்று சோப்புப் போட்டுக் கழுவினார்களோ என்னமோ. மறுநாளும் குனிந்து பார்த்தாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. விரலால் அமுக்கினாள், குழி விழுந்தது, குழி மெதுவாக, ரொம்ப மெதுவாக நிரம்பியது. போகும்போது எரிந்தது, அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. அதையெல்லாம் அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எரிச்சல் அவளுக்குப் பழகியது. நுரைதான். கண்ணாடியில் கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்ப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். அம்மா முகம் தன் முகத்துக்குள்ளிருந்து மேலே வருகிறதா என்று தினமும் பார்த்தாள்.

தகரக் கதவு திறந்தது. யாரோ இருமிக்கொண்டே போனார்கள். எழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள், முதல் தடவை நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மார்க்கெட் பக்கம் அந்தச் சின்ன கிளினிக், முன்னால் டாக்டரம்மா அறை, பின்னால் லேப். டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்த்துவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்க, சிறுநீரும் கொடுங்க, சாதாரண டெஸ்ட்தான், ரெண்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்றேன் என்றாள். சாதாரண டெஸ்ட்தான் என்று அவள் சொன்ன விதத்தை வைத்து என்னவாக இருக்கும் என்று இவள் இரண்டு நாள் யோசித்தாள். ரத்தத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். சிறுநீரை மறுநாள் தருகிறேன் என்று வந்துவிட்டாள். மறுநாள் கடையில் தண்ணீராகக் குடித்தாள். ஏன் என்று கேட்டால் யாரிடமும் சொல்ல முடியாது. சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான். இன்னொரு ஆள் கையில் எடுத்துப் பார்க்கப் போகிற பொருள், அழுக்கு மஞ்சளாக, நாற்றமாக இருந்தால் என்ன நினைப்பார்கள். விருந்தாள் வருகிறதுக்கு முன்னால் வீட்டைத் துடைத்து வைப்பதுபோல வயிற்றுக்குள் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து கொடுத்தபோது அது பன்னீர் மாதிரி தெளிவாக இருந்தது, அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. லேப் பெண், பெனாசிர், மேலப்பாளையத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணி நிறைய குடிச்சீங்களாக்கா என்றாள். திருடி அகப்பட்டதுபோல் இருந்தது. பெனாசிர் கோபப்படவில்லை. இவ்வளவு தண்ணி குடிச்சா உள்ள இருக்கிறது எல்லாம் கரைஞ்சு போயிரும், இருக்கிற சீக்கும் இல்லாத மாதிரி காட்டும், நாங்க நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துருவோம், நீங்க நம்பிப் போயிருவீங்க, அது யாருக்குப் பிரயோசனம் என்று கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டாள், சத்து மாத்திரை சாப்பிட்டால் நிறம் மாறுமாம், பீட்ரூட் சாப்பிட்டால்கூடச் சிவப்பாகுமாம், அதனால் மறைக்காமல் சொல்ல வேண்டுமாம். மாதவிலக்கு நாளாக இருந்தால் கொடுக்கக் கூடாது, ரத்தம் கலந்து வேறு என்னமோ மாதிரி காட்டும், முடிந்து சில நாள் கழித்து வாங்க என்றாள். இந்த வயசில் அது இனி வருமா வராதா என்றிருந்தது, அன்றைக்குச் சாயங்காலமே வந்து நின்றது. அதனால்தான் இந்த ஒரு வாரம். ஒரு வாரம் முழுக்க, பெனாசிர் கொடுத்துவிட்ட புதுக் காலி டப்பா தட்டில் உட்கார்ந்து இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்தாள். டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, முற்றத்தில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பெனாசிர் சொன்னபடி வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள், உள்பக்கம் விரல் படக் கூடாது, விரல் பட்டால் விரலில் இருக்கிற அழுக்கும் கணக்கில் வந்துவிடும். மூடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, சிமெண்டுத் திட்டு ஈரம், தொட்டி விளிம்பு வழுக்கும், கடைசியில் வாய்ப்பக்கம் மேலே பார்க்கிற மாதிரி ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல்ல வர்றத விட்டுருங்க, நடுவுல வர்றதப் பிடிங்க, கடைசில வர்றதும் வேண்டாம். பெனாசிர் இதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஏன் சிரிக்கிறீங்க என்று அந்தப் பெண் கேட்டாள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் முதலில் வந்ததையும் கடைசியில் வந்ததையும்தான் பிடித்துக்கொண்டார்கள், நடுவில் வந்ததைத்தான் விட்டுவிட்டார்கள் என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது. எமிலி மூத்தவள், அவளுக்கு எல்லாம் முறையாக நடந்தது. சாமுவேல் ஆண்பிள்ளை, கடைக்குட்டி, அவன் படித்தான். நடுவில் ஒருத்தி இருந்தாள், அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதே எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பெண் பார்க்க ஒரு தடவை வந்தார்கள், மணப்பாடு பக்கமிருந்து, பையன் மெடிக்கல் ஷாப்பில் வேலை. அம்மாவுக்குச் சுகமாகட்டும் என்றார்கள் வீட்டில். அம்மாவுக்குச் சுகமாகவில்லை. யார் மேலும் தப்பில்லை, அதுதான் கஷ்டம், தப்புச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் ராத்திரியில் அந்த ஆளோடாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். விட்டுவிட்டு, நிறுத்தி, பிடிக்க வேண்டும். நிறுத்துவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் நிறுத்தினதும் மறுபடி வரவில்லை. உடம்பு பயந்து இறுக்கிக்கொண்டது. இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு நின்றது எங்கே போனது. குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வா, வா என்றாள் மனதுக்குள், கோழிக்குஞ்சைக் கூப்பிடுவதுபோல. வந்தது, எரிந்துகொண்டே வந்தது. பிடித்தாள்.

டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். பழைய நல்லெண்ணெய் நிறம். கலங்கி, அடியில் நூல் நூலாக எதுவோ மிதந்து, மேலே ஓரமாக நுரை கட்டி நின்றது. இதைக் கொண்டுபோய் அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். குழாய் இன்னும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சேர்த்தால் என்ன. கொஞ்சமே கொஞ்சம். நிறம் மட்டும் சற்றுத் தணியும். உள்ளே இருப்பது உள்ளேதானே இருக்கும், கொஞ்சம் தண்ணீர் பட்டால் சீக்கு ஓடிவிடுமா. ஓடிவிட்டால்தான் என்ன, நல்லா இருக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள், இவள் நம்பிப் போவாள், அம்மா ஒண்ணுமில்லட்டி என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷம் நம்பிப் போனாளே, அதுபோல. தெரியாமல் இருந்த அந்த வருஷங்களில் அம்மா சிரித்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட்டிருக்கிறாள். தெரிந்த பிறகு மக்கும் கோடும்தான். அவள் கை டப்பாவோடு குழாய்ப் பக்கம் போயிற்று. போனதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ ஒருத்தியுடைய கையைப் பார்ப்பதுபோல. தண்ணீர் நூலாக விழுகிறது, அதற்குப் பக்கத்தில் டப்பாவின் வாய். ரிப்போர்ட் கெட்டதாக வந்தால் கடையில் வைத்துக்கொள்வார்களா, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுப்பார்களா, ஆஸ்பத்திரியில் படுத்தால் மக்கை எடுத்துக் கோடு பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொண்டது. சாவு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. மக்தான். கட்டிலுக்கடியில் இருக்கிற மக்கை யார் குனிந்து எடுப்பார்கள்.

கதவு தட்டப்பட்டது. யக்கா, ரொம்ப நேரமாகுமா, பிள்ளைக்கு வேன் வந்திரும் என்று வள்ளிமயிலின் குரல். இந்தா வாரேன் என்று சொல்லிக்கொண்டே மூடியை எடுத்து இறுக்கித் திருகிவிட்டாள். குழாயை மூடினாள். தண்ணீர் கலக்க வேண்டாம் என்று அவள் முடிவெடுத்தாளா, கதவைத் தட்டின சத்தம் முடிவெடுத்ததா என்று அப்புறம் எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. துண்டுக்குள் டப்பாவை மறைத்துக்கொண்டு வெளியே வந்தபோது வள்ளிமயில் பிள்ளையின் தலையைச் சீவிக்கொண்டே நின்றாள், உடம்புக்கு என்னக்கா, முகம் ஒருமாதிரி இருக்கே என்றாள். சொல்லலாம். இப்போது சொல்லலாம், டெஸ்ட்டுக்குப் போறேன், பயமா இருக்கு என்று இரண்டே வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்தது. ஒண்ணுமில்லம்மா, தூக்கமில்ல என்றது வாய். வள்ளிமயில் தலையாட்டிவிட்டுப் பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று வருஷம் இருந்திருக்கிறார்கள், அவள் வீட்டுச் சண்டை எல்லாம் இவளுக்குத் தெரியும், பிள்ளை எந்தப் பாட்டுக்குத் தூங்கும் என்பதுகூடத் தெரியும். இவள் வீட்டிலிருந்து அந்தப் பக்கம் போகிற சத்தம் மின்விசிறிதான்.

சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நேரமானால் கிருமி பெருகிவிடும், ஒரு மணி நேரத்துக்குள்ளே கொடுத்துருங்க, முடியாட்டா ஃபிரிட்ஜில வச்சிருங்க என்று பெனாசிர் சொல்லியிருந்தாள். ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது. சேலையை அள்ளிச் செருகி, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தபோது கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். சாய்ந்தால் ஒழுகிவிடுமோ. பக்கத்தில் பள்ளிக்கூடத்து டீச்சர் போல ஒரு பெண் மல்லிகைப்பூ மணக்க உட்கார்ந்திருந்தாள், எதிரே ஒருவர் கூடையில் கீரைக்கட்டு. இவர்களுக்கு நடுவில் தன் மடியில் இருப்பது என்ன என்று தெரிந்தால் எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்று தோன்றியது. நாற்றம் வருகிறதா. மூச்சை இழுத்துப் பார்த்தாள், மல்லிகை, டீசல், கீரையின் ஈரம். பையின் துணியைத் தாண்டி அந்தச் சூடு உள்ளங்கைக்கு வந்தது. உடம்பின் சூடு, இன்னும் ஆறவில்லை. சூடான ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு நாளும் போனதில்லை. எமிலியின் மூத்த பிள்ளையை ஒரு தடவை பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள், ராஜாவூர் திருவிழாவுக்குப் போகும்போது, அது தூங்கி அவள் சேலையை நனைத்துவிட்டது, அப்போதும் இதே சூடுதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, இவளைப் பார்த்தால் சித்தி நல்லா இருக்கீங்களா என்று கேட்கும், பதிலுக்கு நிற்காது. ஆட்டோ குழியில் விழுந்து எழுந்தது. அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பெனாசிர் அப்போதுதான் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பாக்கியசீலி தரையைப் பார்த்தாள். இதுதான்க்கா சரியான சாம்பிள் என்றாள் பெனாசிர், பாராட்டுகிற குரலில். எந்த நிறத்தை நினைத்து இவள் வெட்கப்பட்டாளோ அதற்குப் பாராட்டு. என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகினாள். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிக்கொண்டே அந்தப் பெண் போன் நம்பர் கேட்டாள், சொன்னாள். இன்னொரு நம்பர் சொல்லுங்க, நீங்க எடுக்கலைன்னா கூப்பிட, வீட்டுல உள்ளவங்க யாராவது என்றாள். யாராவது. எமிலிக்குப் போன் செய்தால் அவள் மருமகள் எடுப்பாள், நீங்க யாரு என்று கேட்பாள். சாமுவேல் வெளிநாடு, அவன் நம்பர் மாறி எத்தனை காலம். பொன்னுத்துரை அண்ணாச்சி நம்பர் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் அவரிடம் போய் இவள் மூத்திரத்தைப் பற்றி யாரோ பேசுவதா. வள்ளிமயிலிடம் நம்பர் வாங்கியதே இல்லை, சுவரைத் தட்டினால் கேட்கும், எதற்கு நம்பர். பெனாசிரின் விரல்கள் பொத்தான்கள் மேல் காத்துக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். பாக்கியசீலி நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக, தன் நம்பரையே மறுபடி சொன்னாள். பெனாசிர் தட்டிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தி, இது மொதல்ல சொன்ன நம்பர்தானக்கா என்றாள்.

"ஆமா. அதையே போட்டுக்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். போட்டுக்கொண்டாள். பிறகு ஒரு மெல்லிய காகிதக் குச்சியை எடுத்து டப்பாவுக்குள் முக்கினாள், அதில் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக இருந்தன. வெளியே எடுத்து ஒரு புட்டியின் மேல் அச்சடித்திருந்த நிறங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சேலைக்கு ஜாக்கெட் துணி ஒத்துப் பார்ப்பதுபோல, இவள் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலை. சதுரங்கள் மெல்ல மெல்ல நிறம் மாறின. ஒன்று இளஞ்சிவப்பாகியது, ஒன்று ஊதாவுக்குப் போயிற்று, ஒன்று மஞ்சளாகவே நின்றது. எந்த நிறம் நல்லது, எந்த நிறம் கெட்டது. இன்னும் மைக்ரோஸ்கோப்பில பாக்கணும், வெளிய உக்காருங்கக்கா, டாக்டரம்மா வந்ததும் கூப்பிடுவாங்க என்றாள் பெனாசிர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தாய் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் கர்ப்பிணிப் பெண்ணின் படம். இளஞ்சிவப்பு நல்லதாக இருக்குமா, சிவப்பு என்றாலே ரத்தம்தானே. ஊதா. பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களில் சிலுவையைச் சுற்றிக் கட்டுகிற துணியும் ஊதா. மஞ்சள் மஞ்சளாகவே நின்றதே, அது என்ன, மாற வேண்டியது மாறவில்லையா, மாறக் கூடாதது மாறவில்லையா. அவள் மனம் அந்தச் சதுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது, வாசல் தெரியாத பூனை மாதிரி. இந்த ஒரு வாரத்தில் எல்லாம் யோசித்து வைத்துவிட்டாள். அறையைக் காலி செய்ய வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்றும் யோசித்தாள், அம்மா இருந்த வார்டு வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றுகூட யோசித்தாள், இருந்தது, போன கல்லறைத் திருநாளில் பார்த்த ஞாபகம், ஒரு எருக்கஞ்செடி நின்றது. ஜெபத்தில் அதைக் கேட்பதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு கவனமாக அவள் எதற்குமே தயாரானதில்லை. பஸ்ஸில், கடையில், சோற்றுக்கு முன்னால், எந்த நேரமும் அந்தப் பயம் கூடவே இருந்தது, வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் முன்னாலேயே உள்ளே உட்கார்ந்திருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, கிட்னியைப் பத்திப் பயந்தீங்களோ என்று கேட்டாள். பாக்கியசீலி தலையை ஆட்டினாள். அதுல ஒண்ணும் இல்லம்மா, புரதம் போகல, சர்க்கரை போகல, அன்னைக்கு எடுத்த ரத்தமும் நல்லா இருக்கு, சீழ் செல் நிறைய இருக்கு, நீர்ப்பாதையில கிருமி, அவ்வளவுதான் என்றாள். நுரையைப் பற்றிக் கேட்டாள் பாக்கியசீலி. கெட்டியாப் போனாலும் நுரைக்கும், வேகமாப் போனாலும் நுரைக்கும் என்றாள் டாக்டரம்மா. கால் வீக்கம் நாள் முழுக்க நிற்பதால், ராத்திரி படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, முடிந்ததும் இன்னொரு தடவை சிறுநீரைப் பார்த்துவிடலாம். தண்ணீர் குடிக்க வேண்டும், டெஸ்ட்டுக்காக அல்ல, தினமும். அடக்கி வைக்கக் கூடாது. ஏன் அடக்கி வைக்கிறீங்க என்று கேட்டாள். எங்கிருந்து தொடங்குவது, உடைமரக் காட்டிலிருந்தா, பச்சை டோக்கனிலிருந்தா. இனிமே வைக்கமாட்டேன் மேடம் என்றாள், கடைக் குரலில். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பெனாசிர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வேறொரு டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கால் தரையில் படாமல் நடப்பதுபோல, யாரைப் பார்த்தாலும் சிரிக்கலாம் போல. அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த அந்தத் தாயிடம்கூட எனக்கு ஒண்ணுமில்லையாம் என்று சொல்லியிருக்கலாம். பயத்தை அவள் தனியாகவே சுமந்துவிட்டாள், அதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டால் போதும். இதை என்ன செய்வது. இதை யாரிடமாவது கொடுத்தால்தான் இது முழுதாகும்போல் இருந்தது. பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் வந்து உட்கார்ந்தாள். இனி அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை. நாளைக்கும் விடியும், நாளை மறுநாளும், அடுத்த வருஷமும், அம்மா வயசும் தாண்டி அதற்கு அப்பாலும், அந்த மின்விசிறிக்குக் கீழே, அந்தத் தட்டுக்கு எதிரே. இன்றைக்குச் சாயங்காலம் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் உட்கார்ந்திருக்காது, பயம்கூட. கையிலிருந்த காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பொன்னுத்துரை அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். கால் வீக்கத்துக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் நேற்று அவரிடம் சொல்லியிருந்தாள். பின்னால் கடைப் பாட்டு கேட்டது. டாக்டர் என்ன சொன்னாங்க என்று அவர் கேட்டார், கேட்டாரே என்று இருந்தது. கிட்னியில ஒண்ணுமில்லையாம் அண்ணாச்சி என்றாள். அதான் நான் நேத்தே சொன்னேன்லா, ஒண்ணும் இருக்காதுன்னு, இங்க முகூர்த்தக் கூட்டம் அள்ளுது, வெரசா வந்து சேரு என்றார் அவர். வாரேன், ஆனா இனிமே எனக்கு அடிக்கடி மாடிக்குப் போக வேண்டியிருக்கும் அண்ணாச்சி, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க என்றாள். எப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டாள். சரி சரி, வா பார்த்துக்கிடலாம் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. காதோடு ஒட்டி அது சூடாக இருந்தது. பஸ் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் ஏறவில்லை.

"புரதம் போகலையாம்," என்றாள், மெதுவாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன் பேசுகிறவளை யார் பார்ப்பார்கள். "ஆமா, சர்க்கரையும் இல்ல. வெறும் கிருமிதானாம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. நான் என்னெல்லாமோ நினைச்சுட்டேன், தெரியுமா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தாள். கண்ணில் நீர் நிறைந்தது, புறங்கையால் துடைத்தாள். "சேச்சே, அழல. தூசி." பிறகு இன்னும் கொஞ்சம் குரலைத் தணித்து, "காலையில ஒண்ணும் சாப்பிடல. இனிமேத்தான். நீ சாப்பிட்டியா?" என்றாள்.

பெஞ்சில் பக்கத்தில் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் பாக்கியசீலியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், வீட்டு ஆட்களோடு பேசுகிறாள், நாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, பையை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.